நீலம் கலந்த வெள்ளையும் சந்தனச் சுவரும்

வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் கடைசியில் பெரும்பாலும் இரண்டு வெளிர் நிறங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, நீலம் லேசாக ஓடும் வெள்ளை. மற்றது, மஞ்சள் லேசாக ஓடும் வெள்ளை. கடைக்காரர் அதை ஐவரி என்பார், கிரீம் என்பார், வீட்டில் சந்தன நிறம் என்பார்கள். தனித்தனியே காட்டினால் இரண்டையுமே வெள்ளை என்று சொல்லிவிடுவோம். ஷேட் கார்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சண்டை தொடங்கும். இது ரசனைச் சண்டை என்பது பொதுவான எண்ணம். நீலம் குளிர்ச்சி, சந்தனம் மங்களம் என்று அதற்குக் குணங்களும் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளின் உட்சுவர் கடந்த இருநூறு ஆண்டுகளில் ஒரு சமயம் நீலத்தின் பக்கமும் இன்னொரு சமயம் மஞ்சளின் பக்கமும் சாய்ந்ததற்கு ரசனை முதல் காரணம் அல்ல என்பது என் வாதம். சுவரில் பூசிய பொருள் எந்த நிறத்தைத் தாங்கும், அந்தச் சுவரை எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள் என்ற இரண்டு கேள்விகளே அதைத் தீர்மானித்தன. ரசனையும் சாஸ்திரமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

முதலில் பொருளைப் பார்ப்போம். நம் சுவரின் பழைய வெள்ளை, சுண்ணாம்பின் வெள்ளை. கடலோரத்திலும் பழவேற்காடு போன்ற காயல்களிலும் அள்ளிய கிளிஞ்சலையோ, உள்நாட்டில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டுத் தாளித்தால் கொதித்து, பொரிந்து, மாவாகும். அதைத் துணியில் வடிகட்டி, கஞ்சியோ பசையோ வச்சிரமோ சேர்த்து, நுனி நசுக்கிய மட்டையால் சுவரில் இழுப்பார்கள். இழுத்தவுடன் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஈரச் சுண்ணாம்பு சுவரை மறைக்காது. அடியில் உள்ள கறையும் விரிசலும் அப்படியே தெரியும். தண்ணீர் காய்ந்து அதன் இடத்தில் காற்று புகுந்த பிறகுதான் வெள்ளை எழும்பும். பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி, மெல்ல மெல்லப் பழையபடி கல்லாகும். இரண்டு, மூன்று முறை அடித்தால்தான் சுவர் மூடும் என்று கொத்தனார் சொல்வது கூலிக்காக அல்ல, சுண்ணாம்பின் இயல்பே அதுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு பொதுவாக நல்ல வெண்மையாக வரும். கல் சுண்ணாம்பில் கொஞ்சம் இரும்புச் சத்து கலந்திருந்தாலும் போதும், காய்ந்த சுவரில் ஒரு பழுப்புச் சாயை தங்கிவிடும்.

அந்தப் பழுப்பை மறைக்கத்தான் நீலம் வந்தது. மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டுமான விவரக்குறிப்பு, வெள்ளையடிக்கும் கலவைக்கு ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலம் சேர்க்கச் சொல்கிறது. தண்ணீர் கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு கைப்பழக்கமாகவே இருந்தது. வேட்டிக்குப் போட வாங்கிய நீலப் பொட்டலத்தைத் துணியில் முடிந்து, சுண்ணாம்புத் தொட்டியில் முக்கி, இரண்டு சுற்று சுற்றி எடுப்பார்கள். அளவு கூடினால் சுவர் நீலமாகிவிடும், குறைந்தால் பயனில்லை. இதில் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. நீலம் சேர்த்த சுவர், சேர்க்காத சுவரைவிடக் குறைவான வெளிச்சத்தையே திருப்பி அனுப்புகிறது. அளந்து பார்த்தால் அது கொஞ்சம் இருண்ட சுவர். ஆனாலும் கண்ணுக்கு அதுதான் வெள்ளை. பழுப்பின் மஞ்சள் சாயையை நீலம் விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது நிறமற்ற வெளிச்சம். சற்றுக் குறைந்த அந்த வெளிச்சத்தைக் கண் சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, நம் வெள்ளை என்பதே ஆரம்பத்திலிருந்து ஒரு நிறத் தேர்வு. நிறமே வேண்டாம் என்று வெள்ளையடித்தவர்களும் நிறம் கலந்துதான் அடித்தார்கள்.

இந்த வழக்கம் தொன்றுதொட்டு வந்தது என்று நினைப்பது எளிது. ஆனால் பொட்டலத்தில் வந்த அந்த நீலத்தின் வயது இருநூறு ஆண்டுகூட நிறையாதது. அது அல்ட்ராமரீன். அதற்கு முன்பு அந்த நிறம் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்தே கிடைத்தது. ஐரோப்பாவில் அதைத் தங்கத்தோடு ஒப்பிட்டு விலை சொன்னார்கள். 1824-இல் பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், அந்த நீலத்தைச் செயற்கையாக, கிலோ 300 ஃபிராங்குக்கு மேற்படாமல் செய்து காட்டுபவருக்கு 6,000 ஃபிராங்கு பரிசு என்று அறிவித்தது. ழான் பத்தீஸ்த் கிமே அதைச் செய்து 1828-இல் பரிசைப் பெற்றார். அதே சமயத்தில் ஜெர்மனியில் கிறிஸ்டியன் க்மெலினும் செய்முறையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். களிமண், சோடா, கந்தகம், கரி என்று எல்லாமே மலிவான சரக்கு. அடுத்த சில பத்தாண்டுகளில் அது சலவைப் பொருளாகி, ராபின் புளூ போன்ற பெயர்களில் நம் மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்தது. ஏழை வீட்டுச் சுவரில் நீலம் ஏறியது அதற்குப் பிறகுதான்.

அவுரி இங்கேயே விளைந்ததே, அந்த நீலத்தைக் கலந்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தென்னாற்காட்டிலும் கடப்பையிலும் அவுரி பெரிய ஏற்றுமதிப் பயிராகவே இருந்தது. கலந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அவுரி நீலம் துணிக்கான சாயம்; நூலுக்குள் இறங்கி உட்காரும்போதுதான் அது உறுதி. சுவரின் மேல் மெல்லிய பூச்சாகக் கிடக்கையில் வெளிச்சம் பட்டு வெளிறிவிடும். விலையும் சாயக்காரர் கொடுக்கிற விலை. அல்ட்ராமரீனோ சுண்ணாம்பின் காரத்தைத் துளியும் பொருட்படுத்தாதது. அதற்கு ஆகாதது புளிப்பு மட்டும்தான். கொஞ்சம் நீலத்தில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தால் நிறம் வெளுத்து, கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாக எழும்பும். சுண்ணாம்புத் தொட்டியில் புளிப்புக்கு இடமே இல்லை. இதற்கு நேர் எதிரானது பிரஷ்யன் நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த அந்த நிறம் எண்ணெய் வண்ணத்தில் நன்றாக நிற்கும். சுண்ணாம்பில் போட்டால் காரம் அதை உடைத்துத் துருவின் பழுப்பாக்கிவிடும். நீல நிறமிகளில் எது நம் சுவருக்கு வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்தது வீட்டுக்காரரின் விருப்பம் அல்ல, தொட்டியில் இருந்த சுண்ணாம்பு.

மஞ்சளின் பக்கமும் கதை இதேதான். சுண்ணாம்பு ஏற்றுக்கொள்ளும் மஞ்சள் ஒன்றே ஒன்று: மஞ்சள் காவி, அதாவது இரும்புச் சத்துள்ள மண். சமையல் மஞ்சள் சுண்ணாம்பில் சிவந்துவிடும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். குரோம் மஞ்சளும் காரத்தில் ஆரஞ்சை நோக்கி ஓடும். எனவே சுண்ணாம்புக் காலத்தில் மஞ்சள் சுவர் என்றால் மண்ணின் மஞ்சள்தான், அதை வெளிறக் கலந்தால் கிடைப்பது சந்தன நிறம். நிறச் சுண்ணாம்பு பற்றி மேலே சொன்ன அதே விவரக்குறிப்பு, சுண்ணாம்பால் பாதிக்கப்படாத கனிம நிறங்களையே சேர்க்க வேண்டும், அப்படிச் சேர்க்கும்போது நீலம் போடக்கூடாது என்று தெளிவாக வரம்பு கட்டுகிறது. காரணம் எளிது. நீலம் பழுப்பைக் கொல்ல வந்த பொருள், மஞ்சள் காவி பழுப்பை ஏற்றுக்கொண்டு அதையே நிறமாக்கும் பொருள். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் ஒன்றையொன்று அழித்துச் சாம்பல் நிறச் சுவர்தான் மிஞ்சும். ஷேட் கார்டில் இன்று பக்கத்து வீட்டுக்காரர்களாக நிற்கும் இரண்டு நிறங்களும் வேலைத்தலத்தில் ஒன்றை விலக்கினால்தான் மற்றது என்ற உறவில் இருந்தன.

பணக்காரர் வீடுகள் இந்தக் கணக்கில் அடங்காதவை என்று சொல்லத் தோன்றும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில், முட்டையின் வெள்ளைக்கரு, கடுக்காய் நீர், வெல்லம் என்று சேர்த்துக் குழைத்த மாச் சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கினார்கள். சென்னைக்கு வந்த ஐரோப்பியர்களும் மதராஸ் சுண்ணாம்பின் மினுமினுப்பை வியந்து எழுதினார்கள். அங்கே பழுப்பை மறைக்கும் அவசியம் குறைவு. நல்ல கிளிஞ்சல், நன்றாகச் சலித்த மாவு, வாரக்கணக்கில் கூலி கொடுக்கக் கையில் காசு எல்லாம் இருந்தன. ஆனால் இதுவும் என் வாதத்துக்குத்தான் சேர்கிறது. பொருளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தவர்களுக்கு நிறம் கலக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வசதி இல்லாதவர்கள் மூன்று கிராம் நீலத்தில் அந்த வெண்மையை எட்டிப் பிடித்தார்கள்.

இனி வெளிச்சம். முற்றம் வைத்த வீட்டில் பகல் வேலை எல்லாம் மேலிருந்து இறங்கும் வானத்து ஒளியில்தான் நடந்தது. வெயில் நேரடியாக விழாத கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் வரும் அந்த ஒளியில் நீலக் கூறு அதிகம். அந்த ஒளியில் நீலம் கலந்த சுவர் பளிச்சென்று எழும்பும். இரவில் எரிந்த விளக்கெண்ணெய் விளக்கும் மண்ணெண்ணெய் விளக்கும் நேர் எதிர்; அவற்றின் சுடரில் நீலமே மிகச் சொற்பம். அந்தச் சுடரில் நீலச் சுவர், மஞ்சள் சுவர் எல்லாம் ஒன்றுதான். நிறம் பார்க்கும் அளவுக்கு வெளிச்சமும் இல்லை, பார்க்கிற வேலையும் இல்லை. ஆகவே சுவரின் நிறத்தைப் பகல்தான் தீர்மானித்தது. விளக்குப் புகை மாடத்தின் மேல் கரிக்கோடு வரையும், அடுப்புப் புகை சமையலறையைக் கருக்கும். அதற்கு வைத்தியம் நிறத்தை மாற்றுவது அல்ல, அடுத்த போகிக்குச் சுண்ணாம்பை மறுபடி அடிப்பது.

வெள்ளையும் நீலமும் வெப்பத்தைத் தடுக்கத்தான் வந்தன என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. மொட்டைமாடிக்கும் வெளிச்சுவருக்கும் அது உண்மை. வெயில் படும் இடத்தில் வெள்ளை வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். உட்சுவரில் வெயில் படுவதில்லை. அங்கே நீலம் தரும் குளிர்ச்சி கண்ணில்தான், வெப்பமானியில் அல்ல. நோய்க்காக அடித்தார்கள் என்பது அதைவிடக் கனமான வாதம். 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தபோது நோய் கண்ட வீடுகளைக் கழுவிச் சுண்ணாம்படிக்கும் கூட்டங்கள் தெருத் தெருவாக அனுப்பப்பட்டன. சுண்ணாம்பின் காரத்தில் கிருமியும் பூஞ்சையும் பிழைப்பது கடினம் என்பதும் சரிதான். ஆனால் இது சுவரில் ஏன் சுண்ணாம்பு என்பதற்குத்தான் பதில், ஏன் நீலம் என்பதற்கு அல்ல. மங்களக் காரணமும் இதே போலத்தான் வழுக்குகிறது. நிலைப்படிக்கு மஞ்சள் பூசினார்கள், வாசலிலும் திண்ணையிலும் காவிப்பட்டை இட்டார்கள். நம்பிக்கை சம்பந்தப்பட்ட நிறம் எங்கே வேண்டுமோ அங்கே கணிசமாக, அடர்த்தியாக இடப்பட்டது. கூடத்தின் நான்கு சுவர்களுக்கு யாரும் மங்கள நிறம் தேடவில்லை. சந்தனச் சுவர் மங்களம் என்ற பேச்சு, சந்தன நிற டிஸ்டெம்பர் வந்த பிறகு கேட்கும் பேச்சு.

அந்த டிஸ்டெம்பர்தான் பழைய ஏற்பாட்டை உடைத்தது. அது சுண்ணாம்பு அல்ல. சாக்குக்கட்டித் தூளைப் பசையிலோ, பின்னாளில் எண்ணெய் கலந்த பசையிலோ குழைத்தது. அதில் சுண்ணாம்பின் காரம் இல்லாததால் சுண்ணாம்பு விரட்டிய நிறமிகளுக்கும் இடம் கிடைத்தது. புதிதாகப் பூசிய சுவரின் காரம் அடங்கும்வரை சில மாதம் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டுவதும் குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942-இல் பம்பாயில் தொடங்கிய ஏஷியன் பெயிண்ட்ஸ் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் டிஸ்டெம்பரைச் சிற்றூர்க் கடை வரைக்கும் கொண்டுபோயின. அதோடு, வெள்ளை என்ற பொருளே மாறியது. சுண்ணாம்பின் இடத்துக்கு டைட்டானியம் டைஆக்சைடு வந்தது. ஒளியை வளைக்கும் திறன் அதற்கு மிக அதிகம். சுண்ணாம்பு ஈரத்தில் மறைக்காது, இது ஈரத்திலும் மறைக்கும். இரண்டாம் பூச்சுக்குக் காத்திருக்காமலே சுவர் மூடிவிடும்.

இந்த வெள்ளையின் கதையில் நம் கரைக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. மோனசைட் அவருக்கு வேண்டியிருந்தது சுவருக்காக அல்ல, விளக்குக்காக. அவுவர் வான் வெல்ஸ்பாக் உருவாக்கிய காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவை; அது மோனசைட்டில் இருந்தது. நம் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்த பெட்ரோமாக்ஸின் வெள்ளை வெளிச்சம் அந்த மேண்டிலிலிருந்து வந்ததுதான். மோனசைட்டைப் பிரித்தபின் ஒதுக்கித் தள்ளிய கறுப்பு மணல், டைட்டானியம் அடங்கிய இல்மனைட். சில ஆண்டுகள் அது வீண் சரக்கு. டைட்டானிய வெள்ளை அமெரிக்காவிலும் நார்வேயிலும் தொழிலாக வளர்ந்ததும், 1922 முதல் அந்தக் கறுப்பு மணல் கப்பலேறியது. 1930-களில் உலகுக்கு இல்மனைட் கொடுத்த இடங்களில் திருவிதாங்கூரே முதலிடத்தில் இருந்தது. 1946-இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டது. விளக்கின் வெளிச்சமும் சுவரின் வெள்ளையும் ஒரே மணலிலிருந்து பிரிந்து போனவை. அந்த வெள்ளையிலும் இரண்டு சாதி உண்டு: அனடேஸ் வகை நீலச் சாயை உடையது, ரூட்டைல் வகை லேசாக மஞ்சளிக்கும். திருவனந்தபுரத்தில் செய்தது அனடேஸ். பழைய சண்டை தூள் மூட்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

டிஸ்டெம்பர் எந்த நிறத்தையும் அனுமதித்த பிறகு, எந்த நிறம் என்று சொல்லும் வேலை விளக்கின் கைக்குப் போனது. நகரத்து ஒண்டுக்குடித்தனத்திலும் அடுக்கு வீட்டிலும் முற்றம் இல்லை. பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறைகள் வந்தன. 1930-களில் பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கியபின் குண்டு பல்பு மெல்ல மெல்ல ஊர்களுக்குள் வந்தது. அதன் ஒளி 2,700 கெல்வின் அளவு, மஞ்சளும் சிவப்பும் மிகுந்தது. நீலம் கலந்த சுவருக்குத் திருப்பி அனுப்ப அதில் நீலம் போதாது. சுவர் மங்கி அழுக்காகத் தெரியும். சந்தனச் சுவரோ அந்த ஒளியைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பித் தந்து அறையையே பிரகாசமாக்கும். நாற்பது வாட் பல்பு ஒன்றில் படிக்க வேண்டியிருந்த வீட்டுக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல, மின்கட்டணப் பிரச்சினை. அப்புறம் டியூப் லைட் வந்தது. 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்த விளக்கு நம் வீடுகளில் பரவியது பிந்தித்தான். பரவியபோது 6,500 கெல்வின் பகலொளி வகையாகவே பரவியது. பழைய டியூபில் சிவப்புக் கூறு குறைவு. அதன் கீழே சந்தனச் சுவர் பச்சையடித்து நோயாளியின் முகம் மாதிரி ஆகும், வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் தெளிந்து நிற்கும். டியூப் லைட் எரிந்த பத்தாண்டுகளின் கூடங்கள் வெளிர் நீலமாகவும் வெளிர் பச்சையாகவும் இருந்ததற்கு வேறு தனிக் காரணம் தேட வேண்டியதில்லை.

விளம்பரம்தானே நிறத்தை விற்றது, விளக்கு எங்கே வந்தது என்று ஒருவர் மடக்கலாம். 1990-களுக்குப் பிந்திய காலத்துக்கு இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். கடையிலேயே நிறம் கலக்கும் இயந்திரம் வந்து, வெள்ளை அடிப்படை எமல்ஷனில் சொட்டுச் சொட்டாக நிறமி விட்டு ஆயிரக்கணக்கான சாயல்களைக் கொடுத்த பிறகு, ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு பூவின் பெயரும் ஒரு மலையின் பெயரும் வைத்து விற்பது விளம்பரத்தின் வேலையாயிற்று. ஆனால் விளம்பரம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெயர்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அந்த வெள்ளைகளில் பெரும்பாலானவை நீலச் சாயை, மஞ்சள் சாயை என்ற இரண்டு பக்கங்களில் ஒன்றில்தான் விழுகின்றன. கடையில் டியூப் லைட்டில் பிடித்துப்போன நிறம் வீட்டுக் குண்டு பல்பில் வேறாகத் தெரிந்து பெயிண்டரோடு சண்டை போட்டவர்களுக்கு, விளம்பரத்தால் விளக்கை வெல்ல முடியவில்லை என்பது புரிந்திருக்கும்.

விளக்கின் அந்தப் பிடியும் இப்போதுதான் தளர்ந்திருக்கிறது. எமல்ஷன் எந்த நிறமியையும் தாங்குகிறது. எல்இடி விளக்கு ஒரே சுவிட்சில் மஞ்சள், இளவெள்ளை, பகலொளி என்று மூன்றாக மாறுகிறது. அதே சந்தனச் சுவரைக் காலையில் ஒரு நிறமாகவும் இரவில் இன்னொன்றாகவும் வைத்துக்கொள்ளலாம். பொருளும் கட்டளையிடவில்லை, விளக்கும் கட்டளையிடவில்லை. நீலமா சந்தனமா என்பது முழுக்க முழுக்க விருப்பத்தின் விஷயமாக மாறியது இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். தாத்தா காலத்து வீட்டின் நீல வெள்ளையைக் காட்டி அந்தக் காலத்து ரசனை என்று சொல்லும்போது, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரத்தை அவருக்கும் இருந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அவர் கையில் இருந்தது ஒரு தொட்டி சுண்ணாம்பும் மளிகைக் கடையில் வாங்கிய ஒரு பொட்டலமும்.